சுதியண்ணே கோரஸ் பெடல் வாங்கிய கதை

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியவர்கள் கோடிப் பேர் இருப்பார்கள். கிடார் கடைக்குள் போய்ச் செருப்பைக் கழற்றியவர் இந்தப் பூமியிலேயே எங்கள் சுதியண்ணே ஒருவர்தான். அதுவும் ஒரு கடையில் இல்லை. மதுரையில் கிடார் விற்கிற அத்தனை கடையிலும் கழற்றினார். ஒரு கடைக்காரர், யாரோ பெரிய பக்திமான் வந்துவிட்டார் என்று நினைத்து, கல்லாவுக்கு மேலிருந்த சாமி படத்துக்கு அவசரமாக ஊதுபத்தி ஏற்றினார்.

சுதியண்ணே என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. அந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. ரேஷன் கார்டில் இருக்கும். பகலில் சிம்மக்கல் பக்கம் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. சாயங்காலங்களிலும் முகூர்த்த நாட்களிலும் எங்கள் மெல்லிசைக் குழுவில் லீட் கிடார். கடை மூடினால் கண் ஓய்ந்துவிடும், காது மட்டும் ஓயாது. மாட்டுத்தாவணியில் அவரோடு பஸ் ஏறுவது பெரிய தண்டனை. ஏறப்போகிற பஸ் ஹாரன் அடித்தால் முகத்தைச் சுளிப்பார்.

"அரை சுதி கம்மியா இருக்கு மாப்ள. இதுல போனா தல வலிக்கும். அடுத்த பஸ்ஸப் பாப்போம்."

அடுத்த பஸ்ஸும் சுதி சேராமல், அதற்கடுத்ததும் சேராமல், கடைசியில் திருமங்கலம் போக ஷேர் ஆட்டோ பிடித்திருக்கிறோம். சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில், கெட்டிமேளம் கொட்டுகிற நேரத்தில், மணவறைக்கு முன்னால் கையைத் தூக்கிவிட்டார். தாலியைக் கையில் வைத்திருந்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார். என்னவோ ஏதோ என்று இரண்டு வீட்டாரும் எழுந்துவிட்டார்கள். "ஒண்ணுமில்ல, நாயனம் லேசா இறங்கியிருக்கு. ஏத்திட்டு கட்டுங்க" என்றார். அந்த மாப்பிள்ளை இன்னமும் அவரைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

அவருக்கு நான் மாப்ள, எனக்கு அவர் அண்ணே. இந்த உறவுமுறையை மதுரையைத் தாண்டி யாருக்கும் விளக்க முடியாது.

எங்கள் குழுவில் இரண்டு கிடார். பாட்டில் ஜனங்கள் கைதட்டுகிற இடங்களையெல்லாம் அவர் வாசிப்பார். கைதட்டாத இடங்களை நான் வாசிப்பேன். வருடக்கணக்காக இப்படியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் வேலை பார்க்கும் ஆபீசில் என்னை ஓசூருக்கு மாற்றிவிட்டார்கள். செய்தியைச் சொன்ன அன்றே குழுவின் ஓனர் கணக்கை முடித்துவிட்டார். மனதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர்.

"ஏப்பா சுதி, தம்பி போயிட்டா ஒத்தக் கிடாரு சப்புன்னு இருக்கும்ல? கீபோர்டுல ஒரு பட்டன அமுக்குனா ரெண்டு கிடாரு சத்தம் வருது. பெறகு எதுக்கு வேன்ல உனக்கு ஒரு சீட்டு?"

சுதியண்ணே முகம் செத்துவிட்டது. நான் கீழே பார்த்துக்கொண்டேன். அண்ணே நிமிர்ந்து, "ஒத்தக் கிடாருலயே ரெண்டாளு சத்தத்தக் கொண்டாந்தா?" என்றார்.

"கொண்டா, பாப்போம். அலங்காநல்லூரு பக்கம் ஒரு ஆத்தா கோயில் திருவிழா ஒத்துக்கிட்டிருக்கேன். அன்னைக்கு ஊரு கேட்டுட்டு நல்லாருக்குன்னா நீ இரு. இல்லையா, கண்ணாடிக் கடைய முழுசாப் பாரு."

ஓனர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் கிடாரைத் தோளில் மாட்டாமல் அந்த மனிதரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

ஒற்றைக் கிடாரை இரண்டாக்க ஒரு டப்பா இருக்கிறது. கோரஸ் பெடல் என்று பெயர். கிடாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் மாட்டி, காலால் மிதித்தால் வேலை செய்யும். நாம் வாசிப்பதை வாங்கி, அதையே ஒரு மயிரிழை தாமதமாக, ஒரு மயிரிழை சுதியை ஆட்டி, கூடவே சேர்த்து அனுப்பும். கேட்கிறவர்களுக்குப் பக்கத்தில் இன்னொருவர் சேர்ந்து வாசிப்பது போல இருக்கும். அந்த ஆட்டம் எவ்வளவு வேகம் என்பதற்கு ரேட் என்று ஒரு திருகு, எவ்வளவு ஆழம் என்பதற்கு டெப்த் என்று ஒரு திருகு. அவ்வளவுதான் விஷயம். ஆனால் விலை மட்டும் கண்ணாடிக் கடைச் சம்பளக்காரர் எட்டிப் பார்க்கிற உயரத்திலிருந்து, அண்ணாந்து பார்க்கிற உயரம் வரை போகும்.

இதில் செருப்பு எங்கே வந்தது என்று கேட்பீர்கள். அதற்கு முந்தின வருடம் திருமங்கலம் பக்கம் ஒரு கோயில் மேடை. கோயில் மேடை என்றால் வெறுங்கால்தான். யாரிடமோ இரவல் வாங்கிய இரும்புப் பெடல், ஜெனரேட்டர் கரண்டு, எர்த் சரியில்லை. சுதியண்ணே ஈரக் காலால் மிதித்ததும் உடம்பு உதறியது. கிடாரோடு ஆடினார், கண் சொருகியது, "ஆ... ஆ..." என்று ஒரு குரல். நல்லவேளையாகக் கால் தானாகவே விலகிவிட்டது. ஆனால் உடம்பு நடுக்கம் நிற்கவில்லை. கூட்டத்திலிருந்த பெண்கள் குலவை போட்டுவிட்டார்கள். ஒரு பெரியவர் மேடையேறி நெற்றி நிறையத் திருநீறு பூசி, பயபக்தியோடு கேட்டார்.

"யாரு வந்துருக்கீக?"

"கரண்டு! கரண்டு வந்துருக்கு!"

பெரியவர் கீழே திரும்பி, "பாஷை புரியல, மஞ்சத் தண்ணியக் கொண்டாங்க" என்றார். குடத்தைப் பார்த்ததும் சுதியண்ணே குதித்த குதியில் மேடையின் மூங்கில் ஒன்று விட்டுப்போனது. அதிலிருந்து, எந்தப் பெடலானாலும் வெறுங்காலால் மிதித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை என்று விரதம்.

ஓசூர் போவதற்கு முன்னால் எனக்குக் கொஞ்ச நாள் இருந்தது. பெடல் வேட்டைக்கு நான்தான் துணை. முதல் கடையிலேயே கடைக்காரர் சொன்னார்: "சார், செருப்போடவே வரலாம் சார்."

"தெரியும். நான் வாசிக்கப் போறது ஆத்தா கோயில் மேடையில. அங்கிட்டுச் செருப்போட ஏற விடுவீகளா?"

அவர் பாவம், அவரிடம் ஏது கோயில்? அடுத்து அண்ணே அவரைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். பழக்கதோஷம். கண் பரிசோதனை தொடங்கிவிட்டது.

"சுவத்தப் பாருங்க. ஒரு காதப் பொத்துங்க. இப்பக் கேளுங்க... இது தெளிவா இருக்கா?" ஒரு பெடலை மிதித்து, நாலைந்து தந்தியைச் சேர்த்து மீட்டி ஒரு கார்டு. "இல்ல இதா?" அடுத்த பெடல், அதே கார்டு. "மொதலு நல்லாருக்கா, ரெண்டாவதா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் சார் இருக்கு."

"சரி, மறு காதப் பொத்துங்க."

ஒரு காதைப் பொத்தச் சொல்வதற்குக் காரணம் இருந்தது. விலை கூடின பெடலில் சத்தம் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பிரிந்து வரும். ஹெட்போனில் கேட்டால் தலைக்குள் ராட்டினம் சுற்றும். எங்கள் திருவிழாக்களிலோ மேடையிலிருந்து ஊர்க்கோடி வரை ஒரே வயரில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். அதில் இடதும் வலதும் ஒரே சத்தம்தான். "கேக்காத காதுக்கு நம்ம எதுக்கு மாப்ள காசு குடுக்கணும்?" என்றார். அந்த ஒரு வார்த்தையில் கடையின் மேல் தட்டு முழுவதும் கழிந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் வெளிநாட்டுக்காரர்கள் பெடல்களை ஒப்பிட்டுப் பேசுகிற வீடியோக்களை வரிசையாகப் பார்ப்பார். தாடி வைத்த ஒருவர் அருமையாக வாசித்துக் காட்டினார். நான் மயங்கிவிட்டேன். அண்ணே போனை அணைத்தார்.

"சாக்ஸ் போட்ட காலால அமுக்குறான். இவன் சொல்லை நம்ப முடியாது."

நாட்கள் ஓடின. ஒரு பெடல் கிணற்றுக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கிறது என்று தள்ளினார். ஒன்று காய்ச்சல்காரன் மாதிரி நடுங்குகிறது என்றார். ஒன்று நிஜமாகவே நன்றாக இருந்தது, விலையும் கைக்குள் இருந்தது, வெறுங்காலைக் கடிக்கவும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. அதையும் வேண்டாம் என்றார்.

"இதுக்கு என்னண்ணே கொற?"

"கொறையே இல்ல மாப்ள. அதான் பிடிக்கல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திருவிழா நெருங்குகிறது, வேனில் சீட்டு போகப் போகிறது, இந்த மனிதர் குறையில்லாததைக் குறை என்கிறார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே என்று தெருவில் வைத்தே சத்தம் போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

கடைசியாக ஒரு கடை. அந்தக் கடைக்காரருக்கு எங்கள் கீர்த்தி முன்பே எட்டியிருந்தது. எங்களைப் பார்த்ததும் தானாகவே சுவரைப் பார்த்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டார். இருந்ததையெல்லாம் வாசித்து முடித்த பிறகு, அடித்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பிளாஸ்டிக் பெடலை அண்ணே விரலால் காட்டினார்.

"அது வேணாம் சார். இருக்கதுலயே மலிவு, அதுக்குத் தக்கன சரக்கு. ரொம்பப் பின்தங்கி வரும். சுதியும் வழுக்கும். நானே யாருக்கும் எடுத்துக் குடுக்கிறதில்ல."

அண்ணே மாட்டினார், மிதித்தார், ஒரு கார்டை இழுத்து விட்டார். அது கடைக்குள் அலைந்து திரிந்து அடங்கியது. மறுபடி ஒன்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பாட்டின் பல்லவியையே முழுசாக வாசித்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான். கட்டுங்க."

"அண்ணே! கல்யாணத்தையே நிறுத்துன காதுண்ணே அது! இதையா வாங்குறீக?"

"ஆமா."

காசை எண்ணிக் கல்லாவில் வைத்தார். கவலையில் மனிதருக்குக் காது போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். பிளாஸ்டிக்காக இருப்பதால் கரண்டாவது அடிக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓசூர் பஸ் ஏறினேன்.

திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு வந்தேன். மாட்டுத்தாவணியில் இறங்கும்போதே போன் வந்துவிட்டது. "மேடகிட்ட வராத மாப்ள. கடேசிக் குழாய்கிட்ட போய் நில்லு. அங்கிட்டு எப்படிக் கேக்குதுன்னு எனக்குத் தெரியணும்." எங்கள் குழுவில் வழக்கமே அதுதான். மேடைக்கு முன்னால் எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். ஊர்க்கோடிக் குழாயில் தேறினால்தான் தேறியது.

ஊர்க்கோடியில், வேப்பமரத்தில் கட்டிய குழாய்க்குக் கீழே, பஜ்ஜி தின்றுகொண்டிருந்த துண்டுபோட்ட ஒருவருக்குப் பக்கத்தில் நின்றேன். தூரத்தில் மேடை விளக்குகள் மட்டும் தெரிந்தன. கீபோர்டுக்காரர் அந்தப் பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று தெரியும். சாமி பாட்டு முடிந்து மெலடி ஆரம்பித்தது. கிடார் வந்தது.

பக்கத்திலிருந்தவர் மெல்லுவதை நிறுத்தினார். "ரெண்டு கிடாரு போட்டுருக்காய்ங்க."

"ஒண்ணுதாண்ணே" என்றேன்.

"போப்பா. நல்லாக் கேளு. மொத ஆளு கரெக்டா வாரான். அவன் பின்னாடியே இன்னொருத்தன் ஆடி அசைஞ்சு வாரான் பாரு. அவனுக்கு வாசிப்பு அம்புட்டுத்தான் போல." இன்னொரு கடி கடித்தார். "ஆனா ரெண்டு பேரும் சேந்து கேக்கையில நல்லாத்தேன் இருக்கு. பாவம், நல்ல சோடி."

கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். இடைவேளை விட்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் ஓனர் ஊர்ப் பெரியவர்களுக்கு நடுவில் நின்று, "ரெண்டாவது ஆளா? அவரு உள்ளுக்குள்ள உக்காந்து வாசிக்கிறாரு" என்று கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணடித்து, "சுதிக்குச் சீட்டு இருக்குய்யா, சன்னலோரம்" என்றார்.

சுதியண்ணே தனியாக உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடி துடைக்கிற துணியால் அந்தப் பெடலைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசிக் குழாயில் தேறிவிட்டது என்று சொன்னேன். பஜ்ஜி தின்றவர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பெரிதாகச் சிரித்தார்.

"ஏண்ணே, அம்புட்டு நல்ல பெடல் இருக்கையில இதப் போயி ஏன் எடுத்தீக? இப்பவாச்சும் சொல்லுங்க."

துணியை மடித்துப் பையில் வைத்தார். "எல்லா டப்பாவும் பக்கத்துல ஒரு ஆளக் குடுத்துச்சு மாப்ள. ஆனா அம்புட்டுப் பேரும் சரியா வாசிக்கிற ஆளுக. யாரு எவருன்னே தெரியல. இத்தன வருசமா என் பக்கத்துல நின்னவன் எப்பவும் ஒரு நூலு பிந்தித்தான் வருவான். சுதியும் வழுக்கும். இந்த டப்பாவுலதான் நீ இருந்த."

யாரையும் விட்டுவைக்காத அந்தக் காது, என்னிடம் மட்டும் ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் நன்றாக வாசிக்கிறேன் என்றே இத்தனை காலம் நம்பிக்கொண்டிருந்தேன். வெட்கப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. அதை மறைக்க, குனிந்து பெடலைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

"டெப்த்தக் கொஞ்சம் கொறைங்கண்ணே. நான் ரொம்பத் தெரியுறேன்."

என் கையை மெல்லத் தள்ளிவிட்டார்.

"அது இருக்கட்டும் மாப்ள."