முகூர்த்தமும் இரண்டு தூண்களும்

ஆடி பிறந்தால் குதூகலிக்கும் கல்யாண மண்டப மேனேஜர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திண்டிவனத்தில் இருக்கிறார். அஷ்டமி, நவமி, கரிநாள் என்று ஊரே ஒதுக்கும் நாட்களை அவர் வாரி அணைத்துக்கொள்வார். பெற்றோர் வைத்த பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம், நான் பார்த்ததில்லை. மூன்று வருடத்து முகூர்த்த நாட்களைப் பஞ்சாங்கம் பார்க்காமல் ஒப்பிப்பதால் ஊருக்கு அவர் ‘முகூர்த்தம்’.

நான் விழுப்புரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் புகழுக்காகவே என்னை மண்டபத்தின் கௌரவச் செயலாளராக்கினார்கள். மாதக் கடைசியில் முன்பதிவுப் பதிவேட்டைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் வேலை.

ஓர் ஆடி மாலையில் மழைக்கு ஒதுங்கிய எட்டுப் பெண்களை முகூர்த்தம் கீழ்த்தளச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விட்டார். அவர்கள் கையில் ஒரு பந்து. ஃபுட்சால் என்றார்கள், உள்ளரங்கக் கால்பந்தாம். பக்கத்துக்கு ஐந்து பேர், கெட்டித் தரை, அதிகம் எகிறாத பந்து. சும்மா நிற்பானேன் என்று ஆடத் தொடங்கினார்கள். அரை மணி நேரத்தில் முகூர்த்தத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

"செகரட்ரி சார், சாம்பார் ஊத்தி ஊத்தி வழவழன்னு ஆன தரைங்க. இதுக்குன்னே போட்ட மாதிரி கீது."

அன்று முதல் கல்யாணம் இல்லாத நாளெல்லாம் ஆட்டம்தான். கூடத்தின் நடுவே இரண்டு தூண்கள். பந்தை உருட்டிக்கொண்டு வருபவள் முதல் தூணுக்கு இடப்புறம், இரண்டாவதற்கு வலப்புறம் என்று வளைந்து போவாள். மறந்தவளுக்கு நெற்றியில் புடைக்கும்.

அடுத்த வருடம் ஆவணியில் அவர்களுக்குத் தேசியப் பெண்கள் ஃபுட்சால் லீக்கில் இடம் கிடைத்தது. ஒரே நிபந்தனை: அணிக்குக் கூரையுள்ள பயிற்சித் தளம் இருப்பதை ஓர் அதிகாரி நேரில் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். இல்லையேல் பெயர் நீக்கம். அதிகாரி குறித்த தேதியோ பெரிய முகூர்த்த நாள். ஒத்திவைக்கக் கோரி மனு எழுதலாம், விதியில் இடமுண்டு. ஆனால் பெயர்ப்பட்டியல் அனுப்பக் கடைசி நாள் அதற்கு மறுநாள். என் முப்பத்தைந்து வருடச் சர்வீஸ் அங்கே முட்டி நின்றது.

"மேரி மூஞ்ச பாக்க முடியல சார்," என்றார் முகூர்த்தம். மேரி அணியின் கோல்கீப்பர், கேப்டனும் அவள்தான். "ரெண்டரைக்கு வரச் சொல்லுங்க. பந்திய முடிச்சிக் குடுக்கறது என் பொறுப்பு."

முடித்தார். அப்படி ஒரு பந்தியை நான் பார்த்ததில்லை. சாம்பார் முடிவதற்குள் ரசம், ரசம் முடிவதற்குள் இலை எடுப்பு. கல்யாணப் பெண்ணின் கண்டமங்கலத்துத் தாய்மாமன் இலையை இரு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், பாயசம் வரல!"

"டம்ளர்ல ஊத்தித் தர்றேங்க, கையில வாங்கிக்கினு ஜல்தியா மாடிக்குப் போங்க மாமா."

"மோரு?"

"மோரும் மாடியிலதாங்க. காத்தோட்டமா குடிக்கலாம்."

தரை துடைத்த ஈரம் காய்வதற்குள் அதிகாரியம்மா வந்துவிட்டார். சுற்றிப் பார்த்தார். "நடுவுல எதுக்கு ரெண்டு தூணு?"

"அது இல்லன்னா பொண்ணு ரூம் கீழ வந்துடுங்க, மேடம்."

"புள்ளைங்க மோதிக்கினா யார் பதில் சொல்றது?" என்று பேனாவை மூடினார். மேரி தரையைப் பார்த்தாள்.

முகூர்த்தம் மாடிக்கு ஓடினார். மணமகன் அறையில் களைத்துப் படுத்திருந்தவரிடம், "மாப்ளே, கொஞ்சம் எழுந்திரிங்க. நாட்டு விஷயம்," என்று சொன்னது கீழே வரை கேட்டது. இரண்டு மெத்தைகளோடு இறங்கி, சீரியல் பல்ப் கட்டிய கயிற்றாலேயே தூண்களைச் சுற்றிக் கட்டினார்.

ஆட்டம் தொடங்கிய வேளையில் பாயச டம்ளரோடு தாய்மாமன் இறங்கி வந்தார். "இது கல்யாண மண்டபமா, மைதானமா?"

"அதைத்தான் நானும் பாக்க வந்திருக்கேன்," என்றார் அதிகாரியம்மா.

பந்து உருண்டு தாய்மாமன் காலடியில் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டினார், ஓங்கி உதைத்தார். மேரி பிடித்துவிட்டாள்.

"ஏய், அது சும்மா. இன்னொரு வாட்டி போடு!"

மூன்று முறை உதைத்தார். மூன்றையும் மேரி பிடித்தாள். "யாரு பொண்ணும்மா நீ? செம்மயா ஆடறியே!" என்று பாயசத்தை அவளிடமே நீட்டிவிட்டார். மாடியிலிருந்து கல்யாணக் கூட்டம் முழுக்க இறங்கி வந்து கைதட்டியது. அதிகாரியம்மா பேனாவைத் திறந்தார். மெத்தையை அவிழ்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு ஒப்புதல். மாப்பிள்ளையின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை.

லீக் வேறு மாநிலத்தில் நடந்தது. முதல் ஆட்டத்தை முகூர்த்தமும் நானும் அவருடைய செல்போனில் பார்த்தோம். பெரிய அரங்கம், நடுவில் தூண் என்ற பேச்சே இல்லை. ஆனால் எங்கள் பெண்கள் இல்லாத தூணுக்கு இடப்புறமும், இல்லாத இன்னொரு தூணுக்கு வலப்புறமும் வளைந்தார்கள். ஏன் வளைகிறார்கள் என்று எதிரணி யோசித்து முடிப்பதற்குள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். யோசித்து முடித்த பிறகு எதிரணி ஆறு போட்டது.

"பேஜாராப் போச்சி சார்," என்று கண்ணைத் துடைத்தார் முகூர்த்தம். "தூணு மட்டும் அங்க இருந்திருந்தா நம்ம ஜெயிச்சிருப்போம்."

அந்த மாதக் கடைசியில் பதிவேடு என் மேசைக்கு வந்தது. வரும் தையில், மாசியில், நல்ல முகூர்த்த நாட்களாகவே பார்த்துச் சில பக்கங்களை அவர் நிரப்பி வைத்திருந்தார். ‘மணமகள்’ என்ற கட்டத்தில் மேரி முதலாக எட்டுப் பெயர்கள். ‘மணமகன்’ கட்டம் காலி. எதிரே முகூர்த்தம், பரீட்சைத் தாள் திருத்தப்படுவதைப் பார்க்கும் பையனைப் போல நின்றிருந்தார்.

ஒவ்வொரு பக்கத்தின் கீழும், ‘எல்லாக் கட்டங்களும் பூர்த்தி செய்யப்பட்டுள்ளன’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.