அந்த ஒற்றை ஓட்டு யாருடையது?

நார்த் பெல்டன், மெய்ன்
தேர்தல் முடிந்த மூன்றாம் நாள்

அன்புத் தம்பி லின்வுட்டுக்கு, அண்ணன் மெர்டன் எழுதுவது. நானும் நாயும் நலம், என் முழங்காலைத் தவிர. நீயும் மகள் வீட்டாரும் ஃபுளோரிடா வெயிலில் கருகாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கவர்னர் தேர்தலில் என் ஆள் மாநிலம் முழுக்க நாலாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்ததைக் கேட்டிருப்பாய். நம் ஊரில் நடந்ததைக் கேள். என் ஆளுக்கு நூற்று முப்பத்தொன்று, உன் ஆளுக்கு நூற்று முப்பத்திரண்டு. ஒரே ஓட்டு! என் மானம் கப்பலேறிவிட்டது. நாற்பத்தாறு வருஷம் ஒரே வண்டியில் போய், நீ உன் ஆளுக்கும் நான் என் ஆளுக்கும் போட்டு, ரெண்டும் ஒன்றுக்கொன்று கழிந்துபோக, ஓட்டுப் போட்ட கூடத்திலேயே ஊர் போடும் பீன்ஸ் விருந்து சாப்பிடுவோமே. "பேசாம வீட்லயே தூங்கியிருக்கலாம்டா" என்பேன். "தூங்கினா பீன்ஸ் யாரு தருவா?" என்பாய். இந்தத் தடவை நீ மகள் வீட்டுக்குக் குடிபோய்விட்டாய், என் ஓட்டைக் கழிக்க ஆளில்லையென்று, "இனிமே என் ஓட்டு முழு ஓட்டு" என ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவைத்திருந்தேன்.

ஊர் எழுத்தர் தெல்மா முடிவை வாசித்ததும், "திரும்ப எண்ணு" என்றேன். எண்ணினாள். அதேதான். "இன்னொரு தரம்" என்றேன். "பீன்ஸ் ஆறுது, உக்காருய்யா" என்றாள். எதிரே குழாய் ரிப்பேர் கிளேட்டன், என் கட்சிக்காரன், குனிந்து சிரித்தான். எனக்கு வந்ததே கோபம்! "துரோகி, மாத்திக் குத்திட்டியேடா!" என்று மேஜையில் ஓங்கி அடித்தேன். பீன்ஸ் சட்டி அப்படியே அவன் மடியில். "யோவ், உன் தாடியில பீன்ஸ் ஒட்டியிருக்கு, அதுக்குச் சிரிச்சேன்யா!" என்று கத்தினான். இனி என் வீட்டுப் பக்கமே வரமாட்டானாம். மறுநாளே என் சமையலறைக் குழாய் உடைந்தது. பூட்ஸோடு தண்ணீரில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

உண்மையைச் சொன்னால் நம் ஊரில் தோற்றதுகூடப் பெரிசில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வண்டியில் சண்டை போட ஆளில்லை. அதுதான் தாங்கவில்லைடா.

உனக்கும் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் கடவுள் நல்ல உடம்பைக் கொடுக்கட்டும். அந்தத் துரோகியைக் கண்டுபிடிக்காமல் நான் ஓயமாட்டேன்.

உன் அண்ணன்,
மெர்டன்

பின்குறிப்பு: தெல்மாவிடம் மூச்சு விடாதே. அந்தத் துரோகி நான்தான். சீட்டில் உன் ஆள் பெயரைப் பார்த்ததும், நம் ஊரில் உன் ஓட்டு இல்லாமல் போகிறதே என்று மனசு கேட்கவில்லை, அவனுக்கே போட்டுவிட்டேன். அடுத்த தேர்தலுக்காவது வந்து சேருடா. எனக்கும் என் கட்சிக்கு ஓட்டுப் போடணும்.