பகையாளி பார்த்த மழைமானி

இந்தப் பூமியில் அடுத்த யுத்தம் எங்கே மூளும் என்று கொல்லிமலையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எங்கள் வேளாண்மை அலுவலகத்தில் மழைமானி பார்க்கும் ஊழியர். மலை முழுக்க அவருக்குப் பெயர் ‘ஐ.நா.’

டீக்கடை டிவியில் எந்த நாட்டிலாவது குண்டு விழுந்தால் போதும், டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். “அது கெடக்கட்டுமுங்க, அங்க மழை எத்தன மில்லிமீட்டரு?” மழை தப்பினால் வெள்ளாமை போகும், வெள்ளாமை போனால் சனம் ஊரைவிட்டுக் கிளம்பும், அப்புறம் துப்பாக்கிதான் என்பது அவர் கட்சி. சேலத்திலிருந்து மாற்றலாகி வந்த நான் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

போன கோடையில் என் சிரிப்பு அடங்கியது. மலையில் ஆலத்தூர் நாடு என்கிற பகுதியில் மேலூர், கீழூர் இரண்டு ஊருக்கும் ஒரே ஊற்று. பருவம் தப்பித் தப்பி அது நூலாகச் சுண்டிவிட்டது. மேலே பெய்த மழையைக் கட்டிவைத்துக்கொண்டார்கள் என்றது கீழூர். கீழே பெய்த மழை போதாமல் ஊற்றுக்கும் பங்கு கேட்டு வருகிறார்கள் என்றது மேலூர். ஒரு காலையில் இரு பக்கமும் அரிவாளோடு நின்றார்கள். நான் ஜீப்புக்குப் பின்னால் நின்றேன். ஐ.நா.வோ கைக்கொரு மழைமானியோடு நடுவில் போய் நின்றார்.

“மேலூர்க்காரரு தெனம் கீழூர் மானியப் பாக்கோணும். கீழூர்க்காரரு மேலூருதப் பாக்கோணும். பகையாளியே அளந்தாத்தான் நம்புவீங்க. பெரிய பெரிய நாடெல்லாம் இதத்தானுங்க கோட்டு போட்டுக்கிட்டுப் பண்ணுது!”

“ஏனுங்க, வெட்ட வந்தவங்கிட்ட டப்பாவ நீட்டறீங்க?” என்றார் மேலூர் மிளகுக்காரர். ஆனாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் இறங்கினார், கீழூரிலிருந்து ஓர் அம்மா ஏறினார். வழியில் வம்பு வரக்கூடாதென்று இருவரோடும் மாறி மாறி நடந்தார் ஐ.நா.; சோறு தண்ணி கிடையாது. முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். எட்டாம் நாள் ஊற்றடியில் மிளகுக்காரர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “அவங்க மானியிலயும் ஒண்ணுமில்லீங்க. மரவள்ளி காஞ்சு கெடக்குது. நம்மளாட்டமே வெறுங்கொடத்த வெச்சுக்கிட்டு நிக்கறாங்க.”

“மேலயும் மொளகுக்கொடி கருகிப்போச்சு சாமி,” என்றார் அந்த அம்மா.

காலையில் மேலூர், மாலையில் கீழூர் என்று முறை வைத்துக்கொண்டு கலைந்தார்கள்.

நான் ஐ.நா.வுக்குக் கை கொடுக்கப் போனேன். அவர் வானத்தைப் பார்த்தார். “இன்னும் மழ பேயலீங்களே. நாளைக்கும் பாக்கோணும், நாளன்னைக்கும் பாக்கோணும். ஒருநாள் விட்டா நம்பிக்க போயிருமுங்க.” கண் இரண்டும் சிவந்திருந்தன. அந்த மனுஷனைப் பார்த்தா சிரித்தோம் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“ஊட்டுக்குப் போய்ப் படுங்கண்ணே,” என்றேன். “நாளைக்கு நான் நடக்கறேன்.”