கல்யாண நாளன்று நான் கழுதைப் பட்டியில் இருந்த விவரம்

வின்னமக்கா,
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

பெருமதிப்பிற்குரிய அக்கா மைட்டே அவர்களின் சமூகத்துக்கு, கூடப் பிறந்த தம்பி பெயோ பணிவோடு எழுதுவது. நான் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறேன். தாங்களும், தங்களைக் கட்டிக்கொண்டு வயோமிங்குக்குக் கூட்டிப்போன அந்த ஹெலிகாப்டர்காரரும் அங்கத்திய குளிரில் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சம்பிரதாயம் போதும். நான் போன் செய்தால் நீ எடுப்பதே இல்லை. எடுத்த ஒரே ஒரு தடவையும், "செத்தியா இருக்கியான்னு பாக்கத்தான் எடுத்தேன். இருக்கே. சரி" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்பா இல்லாத குறைக்கு, உன் கையைப் பிடித்து தேவாலயத்துக்குள் அழைத்துப் போய் மாப்பிள்ளையிடம் ஒப்படைக்க வேண்டியவன் நான்தான். நீ தன்னந்தனியாக நடந்தாய், ஊரே பார்த்தது. உன் கோபம் நியாயம்தான். ஆனால் நடந்தது என்ன என்று கேட்டுவிட்டுக் கோபப்படு.

அன்று காலையில் கோட்டு, டை எல்லாம் மாட்டிக்கொண்டு தயாராகிவிட்டேன். பொழுது நிறைய இருந்தது. இந்த வருஷம் ஊற்றுகள் வற்றிப்போனது உனக்குத் தெரியும். தவிக்கிற காட்டுக்கழுதைகளைத் தண்ணீர் காட்டிப் பட்டிக்குள் வரவழைத்து, ஈரமுள்ள இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறோம், சிலதை வளர்க்கக் கேட்கிறவர்களுக்குத் தத்தும் கொடுக்கிறோம். தொட்டியில் தண்ணீர் ஒழுங்காக விழுகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே தேவாலயத்துக்குப் போய்விடலாம் என்று வண்டியை அங்கே விட்டேன், இறங்கினேன், போனை வண்டியிலேயே வைத்தேன், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கூர்க்கம்பிகளால் ஆன அந்தக் கதவு உள்ளே வருகிறவனுக்கு வளைந்து கொடுக்கும், வெளியே போகிறவனுக்கு விலாவில் குத்தும். இதுவரை ஒரு கழுதையையும் அது வெளியே விட்டதில்லை. அதை வடிவமைத்ததற்காக எனக்குப் பாராட்டுக் கேடயம்கூடக் கொடுத்தார்கள், நீதான் அதை ஹாலில் மாட்டினாய்.

கத்திப் பார்த்தேன். அந்தப் பள்ளத்தாக்கில் கத்தினால் யாருக்குக் கேட்கும்? கொஞ்ச நேரத்தில் கழுதைகள் ஒவ்வொன்றாக உள்ளே வர ஆரம்பித்தன. முதலில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தன. பிறகு இவனும் நம்மைப் போல மாட்டிக்கொண்டவன்தான் என்று முடிவு கட்டிவிட்டன போலிருக்கிறது. ஒன்று என் டையை மென்றது. ஒன்று சட்டையில் குத்தியிருந்த பூவைத் தின்றது. வெயில் ஏற ஏறக் காற்று நின்றது, சேஜ் புதரின் வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது, தொட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் நிழலோரமாகக் குந்தினேன். ஒரு கிழட்டுப் பெட்டைக்கழுதை பின்னால் வந்து என் தோளில் மோவாயை வைத்து நின்றுகொண்டே தூங்கியது. அதன் மூச்சு சூடாக என் காதில் பட்டுக்கொண்டிருந்தது. நகர்ந்தால் அது விழித்துவிடுமே என்று நான் நகரவில்லை. அக்கா, பூமியில் யாருக்குமே எந்த அவசரமும் இல்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது.

எப்போது கண் அசந்தேன் என்று தெரியாது. கனவில் நான் தேவாலயத்துக்குள் நடக்கிறேன். கையில் ஒரு கை இருக்கிறது. திரும்பினால் நீ இல்லை, அந்தக் கழுதைக் கிழவி, வெள்ளை முக்காடு போட்டுக்கொண்டு. நான் கேட்க வேண்டியதையெல்லாம் பாதிரியார் மாப்பிள்ளையைக் கேட்கிறார்: "வேலி ஆறடி இருக்கா?" "இருக்கு சாமி." "நிழல்?" "கொட்டகை போட்டிருக்கேன் சாமி." "தண்ணி?" அக்கா, நாங்கள் ஒரு கழுதையைத் தத்துக் கொடுப்பதற்கு முன்னால் இத்தனை கேட்கிறோம், கொடுத்த பிறகும் ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் சொந்தமாக்குகிறோம். உன்னை மட்டும் ஒரே பிற்பகலில் கொடுத்துவிட வேண்டுமாம்.

அப்போதுதான் தடதடவென்று சத்தம். விழித்துப் பார்த்தால் தலைக்கு மேல் உன் மாப்பிள்ளை ராய்ஸின் ஹெலிகாப்டர். என்னைத் தேடிக்கொண்டு கல்யாணக் கோட்டோடு வந்திருக்கிறார். எங்கள் பழைய சண்டை உனக்குத் தெரியாததா? நான் கழுதைகளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கும்போதெல்லாம் அந்த ஆள் காட்டுக்குதிரைக் கூட்டத்தைப் பிடிக்க விரட்டிக்கொண்டு மேலே பறப்பார், எல்லாம் கலைந்துவிடும், நான் தொப்பியை ஆட்டித் திட்டுவேன். ஒரு நாள் தரையிறங்கி வந்தே என்னைச் சீண்டினார்:

"மச்சான், நீ ரெண்டு வாரம் குந்திக்கிட்டு நாலு கழுதை புடிக்கறே. நான் காப்பி ஆறுறதுக்குள்ள நூறு குதிரையை உள்ள தள்ளிருவேன்!"

"யாருக்கு யாருய்யா மச்சான்? உன் காத்தாடியை எடுத்துக்கிட்டு கெளம்பு!"

பக்கத்தில் நின்ற நீ இதைக் கேட்டுச் சிரித்தாய். அங்கேதான் ஆரம்பித்தது வினை. என் வாயால் நானே மச்சானாகிவிட்டேன்.

அன்றும் நான் தொப்பியை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினேன். வழக்கமாகத் திட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டாரோ என்னவோ! உன்னிடம் வந்து, "பள்ளத்தாக்கு பூராத் தேடினேன், ஆளைக் காணோம்" என்றாராம். மலை முகட்டிலிருந்து குதிரைக்குட்டியின் நெற்றிச் சுட்டியைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்குச் சொந்த மச்சான் தெரியவில்லை. இனி யார்மேல் கோபப்படுவது என்று நீயே யோசித்துக்கொள்.

சாயங்காலம் தீவனம் கொண்டுவந்த லோரெட்டாதான் கதவைத் திறந்துவிட்டாள். "என்ன பெயோ, உங்களையும் சேத்து லாரியில ஏத்திரட்டுமா?" என்று கேட்டாள். என் டை இருந்த இடத்தைப் பார்த்து வேறு சிரித்தாள்.

உங்கள் அடுப்பில் கனலும் அலமாரியில் ரொட்டியும் என்றும் குறையாதிருக்கட்டும். பனி உங்கள் வாசலை மூடாதிருக்கட்டும். பெரியவளான நீ சின்னவனான என்னை மன்னித்து ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தவறேதும் செய்யாத உன் தம்பி,
பெயோ

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். கதவு வெளிப்பக்கம் திறக்காது என்பது உண்மை. ஆனால் பட்டியின் சுவர் முழுக்கக் குறுக்குக் குழாய்கள்தான், ஏணி மாதிரி. தினமும் ஏறி இறங்குகிறேன். அன்றும் ஏறினேன். உச்சிக் குழாயில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்தேன். உன் கையை அவர் கையில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி நடக்க வேண்டுமே என்று நினைத்தேன். முடியவில்லை அக்கா. உள்பக்கமாகவே இறங்கிவிட்டேன். ஹெலிகாப்டர் வந்தபோது மறுபடி உச்சியில்தான் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். முகம் தெரிகிற அளவுக்கு அவர் தாழ வந்தார். நான் தொப்பியை ஆட்டியது கூப்பிடுவதற்கு அல்ல, போகச் சொல்லி. அவர் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்று என்னைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துத் தலையாட்டினார், திரும்பிப் போனார். நீ இத்தனை நாள் திட்டியும் ஆளைக் காணோம் என்றே சாதிக்கிறாராம், லோரெட்டா சொன்னாள். அவரைத் திட்டாதே. அடுத்த வரியை மட்டும் அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

மச்சான், என் அக்காவை உங்கள் கையில் கொடுக்கிறேன். மனசில்லாமல்தான் கொடுக்கிறேன், ஆனால் கொடுத்துவிட்டேன்.