களிம்பேறிய அண்டா

இருப்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே காட்டுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. பழைய சீனத்து லோயாங் நகரத்தில் தானியக் கிடங்கு எழுத்தர் கெங் ஷௌ அந்த இனம்.

தான் செத்தால் உடன் புதைக்க வெண்கலப் பாத்திரம் வேண்டும் என்பது அவர் ஆசை. வசதி இல்லை. வெண்கலத்தின் அச்சிலேயே மண்ணில் செய்து, பச்சை மெருகு பூசிச் சுட்ட மூன்று கால் அண்டா ஒன்றை வாங்கினார். சாகும்வரை பொறுத்தாரா? கூடத்தின் இருட்டு மூலையில் அதை வைத்து, வருகிறவர்களை வாசலோரம் உட்கார்த்தி, "தாத்தா காலத்து வெண்கலம், களிம்பேறிப் போச்சு" என்று அலுத்துக்கொண்டு, யாராவது தட்டிப் பார்க்க எழுந்தால் உடனே கள்ளை ஊற்றி உட்கார வைத்துவிடுவார்.

"பொணத்தோட போற சாமானை நடுவீட்டுல வெச்சுக்கிட்டு, பேச்சைப் பாருங்க" என்பாள் யின், அவர் மனைவி.

பக்கத்து வீட்டு தௌ கான் ஒருநாள் வந்தார். "கெங் அண்ணே, நாளைக்கு என் பொண்ணைப் பார்க்க வர்றாங்க. பெரிய இடம். உங்க அண்டாவைக் குடுத்தா படையலுக்குக் கௌரவமா இருக்கும்."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தார்.

மறுநாள் அந்த வீட்டுக் கூரையில் புகை கிளம்பியது. பன்றிக்கறி வாசனையும் வந்தது. அண்டா வெடித்துக் கறி நெருப்பில் கொட்டினால் அந்தப் பெண்ணின் கதி? கெங் ஷௌ செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"அடுப்புல ஏத்தாதீங்க, அது மண்ணு!"

அண்டா கூடத்து மூலையில் சும்மா இருந்தது. சம்பந்தி வீட்டார் வாசலோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"மண்ணுன்னு எனக்குத் தெரியாதா அண்ணே?" என்று பல்லைக் கடித்தார் தௌ கான். "அதனாலதானே அடுப்புப் பக்கமே விடல."

மாப்பிள்ளையின் அப்பா மெல்ல எழுந்துபோய் விரலால் தட்டினார். டொக் என்றது.

"எங்க வீட்டு மண்ணு அண்டா சூளையில இதைவிட நல்லா வெந்திருக்கும்" என்றார். "சரி, கறியைக் கொண்டாங்க."

சம்பந்தம் நிச்சயமாயிற்று.

"என் மானம்தான் போச்சு" என்றார் கெங் ஷௌ வீட்டில்.

"அது எப்போ வந்துச்சு?" என்றாள் யின். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போதெல்லாம் அவரே முந்திக்கொள்கிறார்: "மண்ணுதாங்க. என்னை மாதிரி, மேல் பளபளப்பு மட்டும்தான்." சொல்லிவிட்டு, தன் அடக்கத்தை எத்தனை பேர் மெச்சுகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் நினைவுக்கு வந்திருக்குமே? அவரிடம் இதைப் படிக்கக் கொடுங்கள். ஆனால் அவருக்கு யார் முகம் நினைவுக்கு வந்தது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.