வட்டம் என்றால் எந்த வட்டம்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் வீட்டு வேலையைக் கொடுக்கலாம், ஊர் வேலையைக் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்துக் கெட்டவர்கள் என் வீட்டார்தான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. குரூப் ஃபோர் தேர்வுக்காக அரசு அமைப்புகள் பற்றிய பாடத்தை மூன்று முறை முடித்திருந்தேன். மாவட்டம், வட்டம், குறுவட்டம். மாநகராட்சி, மண்டலம், வார்டு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். (யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.)

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அமுதாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் காசிமேட்டிலிருந்து வருகிறார்கள். பந்தல் திருவொற்றியூரில், எங்கள் வீட்டு வாசலில். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், பந்தல் போட வேண்டிய இடத்தில் சாக்கடை பொங்கிக் கணுக்கால் அளவுக்கு நிற்கிறது. அக்கா நிச்சயப் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் பீரோவில் வைத்தாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

அம்மா அப்போதுதான் மீன் விற்றுவிட்டு வந்து கூடையை இறக்கியிருந்தாள். "கவுன்சிலர் ஆபீஸு தெருக்கோடில தான கீது. ஒரு எட்டு போய் சொல்லிட்டு வந்துர்றேன்" என்றாள்.

"வாயால சொன்னா ஆகாதும்மா. எல்லாத்துக்கும் ஒரு முறை கீது" என்று இரண்டு பக்கத்துக்கு மனு எழுதினேன். 'மேற்கண்ட பொருள் தொடர்பாக' என்பது மட்டும் மூன்று இடத்தில் வந்தது.

அம்மாவையும் இழுத்துக்கொண்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண் அலுவலர் பொறுமையாகப் படித்தார். "இதுக்கு ஏம்மா இவ்ளோ தூரம்? உங்க வட்டத்துல சொன்னாலே லாரி அனுப்பிடுவாங்களே."

வெளியே வந்ததும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வட்டம்னா தாலுகாம்மா. வட்டாட்சியர்னா தாசில்தாரு. புக்குலயே போட்டுகீது."

"நம்ம பக்கம் வட்டம்னா வார்டுடி."

"அது கட்சிக்காரங்க பேசறது."

"இன்னா பண்றது, படிக்க வச்சது நான் தான" என்று அம்மா ஷேர் ஆட்டோவில் ஏறினாள்.

தாலுகா அலுவலகத்தில் பல வரிசைகள் இருந்தன. இருப்பதிலேயே நீளமானதுதான் சரியான வரிசை என்று முடிவு செய்து நின்றேன். (அதையும் ஏதோ பாடத்தில் படித்த மாதிரிதான் நினைப்பு.) ஒன்றரை மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தது. எழுத்தர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"இறந்தவர் பேரு?"

அது வாரிசுச் சான்றிதழ் வரிசை.

"சார், சாக்கடை..."

"இறந்தவர் பேரு சொல்லும்மா."

அம்மா என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தாள். "இன்னும் சாவல சார். வூட்டுக்குப் போனதும் சாவும். பேரு செல்வி. இதோ நிக்குது."

வரிசை முழுக்கச் சிரித்தது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்து நின்றவர்கள் அவர்கள். அவர்களையே சிரிக்க வைத்த பெருமை எனக்கு உண்டு. எழுத்தர் அப்போதுதான் நிமிர்ந்தார். இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

தெருவுக்குள் நுழைந்தால் அடைப்பெடுக்கும் லாரி நிற்கிறது, தண்ணீர் பாதி வடிந்துவிட்டது. நைட்டியின் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, லாரிக்காரருக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள் கல்யாணப் பெண்.

"யாருக்கா வர வச்சது?"

"நான் தான். வட்டத்துல போய் சொன்னேன்."

"மனு?"

"அதான் வாய் கீதே."

அம்மா வரிசையில் நடந்ததை அக்காவுக்கு அப்படியே நடித்துக் காட்டினாள். அப்போது எனக்கு வந்த அவமானத்துக்கு அளவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காய்ந்த தரையில், பிளீச்சிங் பவுடர் வாசனைக்கு நடுவில், அக்கா அந்தப் புடவையில் உட்கார்ந்ததைப் பார்த்தபோது அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அடுத்த வருடம் தேர்வில் தேறினேன். போட்ட இடம் ஒரு தாலுகா அலுவலகம். மாதத்துக்கு ஒருவராவது சாக்கடை மனுவோடு தவறான வரிசையில் நிற்கிறார். நானே எழுந்து போய் வழி சொல்கிறேன். அலுவலகத்தில் இதற்காக எனக்கு நல்ல பெயர்.

வீட்டில்தான் இன்னும் வரவில்லை. போன வாரம் அக்கா மகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. "அதுக்கு ஒரு முறை கீது" என்று ஆரம்பித்தேன். அக்கா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"இறந்தவர் பேரு?" என்றாள்.

"செல்வி" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.