அனுப்பியவர்: மரண உதவிச் சங்கம்

யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, யாருடைய வெளிநாட்டுக் காதல் முறிந்தது என்பதையெல்லாம் சம்பந்தப்பட்டவருக்குச் சொல்லும் முன்பே பதுளை பஸ் ஸ்டாண்டுக்குச் சொல்லிவிடுகிற ஒரே மனிதர் எங்கள் பெரட்டு அண்ணன்தான். இப்படிப்பட்ட ஆளை இத்தனை காலமும் போலீஸ் எப்படி விட்டுவைத்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவருடைய கடை. 'கம்யூனிகேஷன்' என்று பலகை தொங்கும். போட்டோக் கொப்பி, போனுக்கு ரீலோட், பாஸ்போர்ட் படம், இமெயில் எல்லாம் அங்கே உண்டு. கடை போடுவதற்கு முன் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குத் தபால் பை சுமந்தவர். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவதற்குப் பெயர் பெரட்டு. மனிதர் தோட்டத்தை விட்டு வந்தார், பெரட்டை விடவில்லை. தினமும் காலையில், பஸ்கள் வந்து சேரும் நேரம் பார்த்து, கடை வாசலில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி மேல் ஏறி நிற்பார். கையில் அன்றைக்கு வந்த இமெயில்கள் பிரின்ட் போட்டபடி இருக்கும்.

"மேல்லயத்துப் பாப்பா! ஒனக்கு ஒண்ணு வந்திருக்கு! வேலை இல்லையாம்!"

அந்தப் பாப்பா நான்தான். என் இமெயில் விலாசத்தைப் போட்டு நேரில் கொடுத்துவிட்டு வந்த ஒரு விண்ணப்பத்துக்குப் பதில் அது. வீட்டில் வைத்த செல்லப்பெயர் தோட்டம் முழுக்கப் பரவி, சிவகாமி என்ற என் சொந்தப் பெயர் பிறப்புச் சான்றிதழில் தனியாகக் கிடந்தது. பசறை பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், வெற்றிலைக் கடைக்காரர், மரக்கறி மூட்டையோடு நின்ற வெலிமடைக்காரர்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்து "ச்சோ ச்சோ" என்றார்கள். எனக்கு வந்த ஏமாற்றத்தை நான் தனியாக அனுபவிக்கக் கூடாதா? அதற்குக்கூட எனக்கு உரிமையில்லையா?

'ஏனம்மா, உன் போனிலேயே இமெயில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவரிடம் கேட்டேன்.

"போனு தண்ணியில வுழும். பஸ்ஸுல தொலையும். ஒந் தம்பி அத அடகு வைப்பான். என் கம்பியூட்டர் மேசையில இருக்கு. அது எங்க போவும்?"

"பாஸ்வேர்டையாவது சொல்லுங்க அண்ணே."

"அது எனக்குத் தெரியும். நீ போ."

தம்பி போனை அடகு வைத்தது அடுத்த மாதம் நடந்தது. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

சுற்றுவட்டத் தோட்டங்களில் பாதிப் பேருக்கு இமெயில் விலாசம் செய்து கொடுத்தவர் அவர்தான். விலாசம் ஆளுக்கு ஒன்று. ஆனால் அத்தனையையும் தன் கம்பியூட்டரில் ஒரே மெயில் புரோகிராமுக்குள் போட்டு வைத்திருந்தார். திரையின் இடது பக்கம் வரிசையாகப் பெயர்கள்: மேல்லயம் பாப்பா, கீழ்லயம் ரவி, பழைய லயம் டிரைவர், கோயில் கமிட்டி. லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே காம்பரா என்கிற அடுத்தடுத்த ஒற்றை அறைகளில் குடும்பங்கள் இருப்பது போல அங்கேயும் எல்லாரும் ஒட்டிக்கொண்டு இருந்தோம். ஒரு வீட்டில் தும்மினால் மறு வீட்டில் 'நூறாயுசு' என்பார்களே, அந்த வசதியும் இருந்தது.

வந்த கடிதத்தைக் கத்தி வாசித்ததையாவது மன்னிக்கலாம். போகிற கடிதத்தில் அவர் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்த மாதிரிப் புரோகிராமில் ஒரு கடிதம் எழுதும்போது, யாருடைய விலாசத்திலிருந்து போகிறது என்று மேலே ஒரு சின்னக் கட்டம் காட்டும். நாம் மாற்றாவிட்டால், வரிசையில் முதலாவதாக இருப்பவர் பெயரிலேயே போய்விடும். அண்ணனின் வரிசையில் முதலாவதாக இருந்தது எங்கள் தோட்டத்து மரண உதவிச் சங்கம். அதன் செயலாளர் அவர்தான். கட்டத்தை அவர் மாற்றியதே இல்லை.

ஜோர்தானில் வீட்டு வேலை செய்த எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவளுடைய புருஷன் 'அவசரம்' என்று தலைப்புப் போட்டு ஒரு கடிதம் அனுப்பச் சொன்னான். அனுப்பியவர் இடத்தில் மரண உதவிச் சங்கம். அக்கா உள்ளே திறந்து பார்க்கவே இல்லை. அங்கேயே மயங்கி விழுந்து, அரபுக்கார எஜமானி தண்ணீர் தெளித்து எழுப்பி, ஒப்பாரியோடு போன் வந்தது. உள்ளே இருந்தது என்ன தெரியுமா? வரும்போது தனக்கு நல்ல சப்பாத்து ஒரு சோடி வாங்கி வரச் சொல்லியிருந்தான்.

"உள்ள படிக்காம அழுதா நான் என்ன பண்ணுறது?" என்றார் அண்ணன். கொஞ்சமும் வெட்கமில்லை!

இனி என் கதைக்கு வருகிறேன். ஏ.எல். பரீட்சை முடித்து, ஓட்டல் வேலைக்கான கோர்ஸ் ஒன்றும் படித்திருந்தேன். அம்மா என் பெயரைத் தோட்டத்தில் பதியச் சொல்லிவிட்டாள். அடுத்த மாதப் பெரட்டில் நானும் கொழுந்துக் கூடை மாட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அந்த நேரத்தில்தான் வெள்ளைக்காரர்கள் சுற்றிப் பார்க்க வரும் எல்லவில் ஒரு ஓட்டலுக்கு வரவேற்பில் நிற்க ஆள் தேவை என்று அறிவித்தல் வந்தது. கடைசி வாய்ப்பு. விண்ணப்பத்தை நானே இங்கிலீசில் எழுதிக் கொண்டுபோய் அண்ணனிடம் கொடுத்தேன். "அனுப்பியாச்சு" என்றார். அதற்குப் பிறகு காலையில் பஸ் ஏறிப் பதுளைக்குப் போவதும், முக்காலிக்கு முன்னால் நிற்பதும், பெயர் வராமல் திரும்புவதுமாக நாட்கள் போயின.

பதில் வந்திருந்தது. எனக்குச் சொல்லவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இவருக்காகவே சொன்னது.

நடந்தது இதுதான். அதே வாரம் சங்கமும் எல்லவிலுள்ள ஓட்டல்களுக்கு விண்ணப்பம் அனுப்பியிருந்தது. சாவு வீட்டில் வருகிறவர்கள் உட்காருவதற்குப் பழைய நாற்காலிகள் இருந்தால் தந்து உதவச் சொல்லி. 'அன்புள்ள விண்ணப்பதாரருக்கு, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அசல் சான்றிதழ்களுடன் நேரில் வரவும்' என்று ஓட்டலிலிருந்து பதில் வந்ததும், நான் பஸ் ஏறித் திரும்பிவிட்ட பிறகு, அண்ணன் முக்காலியில் ஏறிச் சங்கத்தைக் கூப்பிட்டுவிட்டார். கொஞ்சம் கீழே இறக்கிப் பார்த்திருந்தால் அங்கேயே என் கடிதம் முழுசாக இருந்திருக்கும். அவர் எதற்குக் கீழே பார்க்கப் போகிறார்?

திங்கட்கிழமை பின்னேரம் நான் பைப்படியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். வெலிமடை லீக்ஸ் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் வந்தது. பின்னால் நிறைய நாற்காலிகள். முன்னால் சங்கத் தலைவர் ராமையா மாமா, வெள்ளை வேட்டியும் கல்யாண வீட்டுச் சால்வையுமாக. இறங்கியதும் லயத்து வாசலிலேயே நின்று கதை சொல்லத் தொடங்கினார்.

"நல்ல தொரைங்க. சிங்களவருதான், ஆனா தமிழ் நல்லா பேசுறாரு. எங்கள ஒக்கார வச்சி, பிளேன்டீ குடுத்து, 'நீங்க எதுக்கு எங்க ஓட்டலுக்கு வர்றீங்க'ன்னு கேட்டாரு. 'ஆளு சாவுறது கொறையலைங்க தொரை'ன்னேன்."

"அதுக்கு?"

"கையில இருந்த காயிதத்த ஒருக்கா திருப்பிப் பாத்தாரு. பொறவு 'அனுபவம் இருக்கா'ன்னாரு. 'எல்லாரையும் நாங்கதாங்க வழியனுப்பி வச்சோம், ஒருத்தருகூட திரும்பி வந்து கொறை சொன்னதில்ல'ன்னேன். 'வர்ற ஆளுங்கள எப்படிக் கவனிப்பீங்க'ன்னாரு. 'ஒக்கார வைப்போம், டீ குடுப்போம், அழுதா சமாதானம் சொல்லுவோம்'னேன். தொரைக்குக் கண்ணு கலங்கிப் போச்சி."

எனக்குக் குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியவில்லை.

"மாமா, வேற ஏதாச்சும் கேட்டாரா?"

"கடைசியா ஒரு பேரு சொன்னாரு. சிவகாமின்னு. 'அந்தப் பேர்ல எங்க தோட்டத்துல யாரும் சாவலைங்க, அப்படி ஒரு ஆளே கெடையாதுங்க'ன்னு சொல்லிட்டேன். ஒடனே கையில இருந்த காயிதத்த மடிச்சிக் குப்பைக் கூடையில போட்டாரு."

பிறந்ததிலிருந்து என்னைப் பார்த்த மனிதர். நான் அவர் முன்னால் நிற்கும்போதே நான் கிடையாது என்கிறார்!

மறுநாள் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். அண்ணன் முக்காலியில் ஏறக் காலைத் தூக்கிக்கொண்டிருந்தார். முக்காலியை இழுத்துத் தள்ளினேன். அன்றைக்கு பஸ் ஸ்டாண்ட் என் பெரட்டைத்தான் கேட்டது.

"எனக்கு வந்தத தூக்கி சங்கத்துக்குக் குடுத்திட்டீங்களே அண்ணே!"

"சங்கத்து விலாசத்துக்கு வந்துச்சி, சங்கத்துக்குக் குடுத்தேன். தபால்னா அதுதான்."

"என் கடிதாசிய சங்கத்து விலாசத்துல யாரு அனுப்பச் சொன்னது?"

"தனி ஆளா ஒம் பேர்ல போனா எவன் மதிப்பான்? நம்ம சனம் தனியா எழுதின காயிதத்துக்கு எந்த ஆபீஸ்ல பதில் வந்திருக்கு, சொல்லு? சங்கம் எழுதினாத்தான் தொரைமாரு நிமிந்து ஒக்காருவாங்க. கல்யாணப் பத்திரிகை பொண்ணு பேர்லயா அடிக்கிறோம்? பெரியவங்க பேர்லதானே!"

"அது சாவுச் சங்கம் அண்ணே!"

"ரெஜிஸ்டர் பண்ணின சங்கம்!"

அழுகை வந்துவிட்டது. "அங்க போயி நான்னு ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் நான் கூடை மாட்டணும்" என்றேன்.

லயத்துக்கு விலாசம் கிடையாது. யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கே மேசையில் கிடந்து நாள் கடந்து போன வேலைக் கடிதங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. தன் பையில் கொண்டுபோய்ச் சேர்த்தவை அப்படிக் கிடப்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மனிதர் முக்காலியில் ஏறிக் கத்த ஆரம்பித்தார். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் இரண்டு மடங்கானது. ஆபீஸ் செய்தால் அநியாயம், இவர் செய்தால் சேவையா?

அண்ணன் கடையைப் பூட்டினார். பெருநாளுக்கும் பூட்டாத கடை. "வா புள்ள" என்று எல்ல பஸ்ஸில் ஏறினார். வழி முழுக்க நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஓட்டல் முதலாளி அண்ணன் சொன்னதை முழுசாகக் கேட்டார். "சிவகாமின்னு ஆளே இல்லைன்னு ஒங்க தலைவரே சொன்னாரே. இப்ப யாரையோ கூட்டிட்டு வந்தா நான் எப்படி நம்புறது?" என்றார்.

அண்ணன் வரவேற்பறையின் நடுவுக்குப் போனார். சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் மலையைப் பார்த்தபடி காலைச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முக்காலி இல்லை. இருந்தாலும் முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, பஸ் ஸ்டாண்டுக்கே உரிய குரலில் கூப்பிட்டார்.

"மேல்லயம்! பெருமாள் மகள் சிவகாமி!"

"இருக்கேங்க!" என்று நானும் கத்திவிட்டேன். என்னையறியாமல்தான். வெள்ளைக்காரர்கள் முள்ளுக் கரண்டியைக் கீழே வைத்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ஆளு இருக்கு தொரை," என்றார் அண்ணன். "பிழை என்னோடது. அந்தப் பிழைக்கு இந்தப் புள்ளைய தண்டிச்சிராதீங்க."

முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு இங்கிலீசில் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். முதலாம் திகதி வேலைக்கு வரச் சொன்னார். வெளியே வந்தபோது அவர் தயங்கித் தயங்கி, "அந்த நாற்காலியெல்லாம்..." என்று அண்ணனைப் பார்த்தார்.

"அது சங்கத்துக்கு வந்தது தொரை. அது வேற விலாசம்" என்றார் அண்ணன். அன்றைக்குத்தான் அவருக்கு விலாசங்கள் வேறு வேறு என்று விளங்கியது!

இப்போது அந்த ஓட்டலின் கம்பியூட்டர் என் பொறுப்பில் இருக்கிறது. அறைப் பதிவுக்கு ஒரு விலாசம், கணக்குக்கு ஒன்று, முறைப்பாட்டுக்கு ஒன்று, எல்லாம் ஒரே புரோகிராமில் வரிசையாக நிற்கின்றன. அனுப்பும் முன் அந்தச் சின்னக் கட்டத்தைப் பார்க்காமல் என் விரல் அசையாது. அப்படியும் போன வாரம் "சமையல்கட்டு! ஒங்களுக்கு ஒண்ணு வந்திருக்கு! சூப்புல உப்பாம்!" என்று நான் கத்தியதாகச் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கூட வேலை செய்கிற பிள்ளைகள் என்னைத் திட்டுகிறார்கள். என் பழைய விலாசம் இன்னும் அண்ணனின் கம்பியூட்டரில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டை ஒரு வழியாக அவரிடம் கேட்டு வாங்கிவிட்டேன், ஓட்டல் கம்பியூட்டரிலிருந்து ஒரு நிமிஷத்தில் அதை மாற்றிவிடலாம். மாற்றினால் அவரால் திறக்க முடியாது. இது தெரிந்தும் நான் சும்மா இருக்கிறேனாம்.

அம்மா சந்தைக்குப் போய் வந்து சொன்னாள். அண்ணன் இப்போதும் காலையில் முக்காலியில் ஏறி "மேல்லயம் சிவகாமி!" என்று கூப்பிடுகிறாராம். எனக்குக் கடிதம் எதுவும் வராத நாளிலும் கூப்பிடுகிறாராம். அதற்கு வெற்றிலைக் கடைக்காரரும் பசறை பஸ் கண்டக்டரும் சேர்ந்து "வேலையில இருக்கு!" என்று பதில் சத்தம் போடுகிறார்களாம்.

கேட்க ஆளில்லாத அநியாயம் இது. எனக்கு அவர் மேல் உள்ள கோபம் இன்னும் தீரவில்லை. பாஸ்வேர்டைத்தான் மாற்ற மனம் வரவில்லை.